வேலையை விடாமல் முதுநிலைப் பொறியியல்: மதுரை வட்டாரப் பொறியாளர்களுக்கான முழுமையான வழிகாட்டி

அஞ்சல்வழிக் கல்வி மதுரைக்குப் பழகிய ஒன்று. 1966-இல் தொடங்கப்பட்ட மதுரைப் பல்கலைக்கழகம், பின்னாளில் காமராசர் பெயரைத் தாங்கிய அதே பல்கலைக்கழகம், 1971-ஆம் ஆண்டிலேயே அஞ்சல்வழிப் படிப்புகளைத் தொடங்கிவிட்டது. பகலில் கடையிலோ அலுவலகத்திலோ வேலை பார்த்து, இரவில் பாடநூல்களைப் படித்துப் பட்டம் வாங்கிய அத்தையோ சித்தப்பாவோ இங்குள்ள பல குடும்பங்களில் உண்டு. அந்தப் பழக்கத்தின் காரணமாகவே, எம்.டெக். படிப்பையும் அதே வழியில் வீட்டிலிருந்தபடி முடித்துவிடலாம் என்று நம் பொறியாளர்கள் பலர் நம்பிவிடுகிறார்கள். என்னுடன் கப்பலூரில் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றிய நண்பர் ஒருவர் அப்படி நம்பித்தான் ஒரு கல்வி நிறுவனத்தில் எம்.டெக். சேர்ந்தார். மூன்று ஆண்டுகள் உழைத்துச் சான்றிதழ் வாங்கிய பிறகு, பொறியியல் கல்லூரி ஒன்றில் ஆசிரியர் பணிக்கு விண்ணப்பித்தபோது, அந்தப் பட்டம் செல்லாது என்று சொல்லி அவருடைய கோப்பைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் இழந்த பணத்தைவிட அவருடைய மூன்று ஆண்டு இரவுகளே என் மனத்தை இன்றும் உறுத்துகின்றன. மற்றொருவருக்கு அது நேரக் கூடாது என்பதற்காகவே, வேலை பார்த்துக்கொண்டே எம்.டெக். முடித்தவன் என்ற முறையில், இதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதே முதல் படி

இந்தியாவில் பொறியியல் பட்டத்தைத் தொலைநிலைக் கல்வி முறையிலோ, பல்கலைக்கழக மானியக் குழு வகுத்துள்ள இணையவழிக் கல்வி முறையிலோ வழங்க அனுமதி இல்லை. அந்தக் குழு 2020-ஆம் ஆண்டு வெளியிட்ட விதிமுறைகள், பொறியியல், மருத்துவம், சட்டம், கட்டடக்கலை போன்ற படிப்புகளை இந்த இரண்டு முறைகளிலிருந்தும் விலக்கி வைத்திருக்கின்றன. அதற்கு முன்பே, 2017 நவம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஒன்று இதில் திருப்புமுனையாக அமைந்தது. உரிய அனுமதி இல்லாமல் சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலை முறையில் வழங்கிய பொறியியல் பட்டங்களை ஆராய்ந்த நீதிமன்றம், 2001 முதல் 2005 வரையிலான கல்வியாண்டுகளில் சேர்ந்தவர்கள் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு நடத்தும் தேர்வில் வென்றால் பட்டத்தைத் தக்கவைத்துக்கொள்ளலாம் என்றும், அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டங்கள் செல்லாது என்றும் கூறியது. பட்டத்தின் பலத்தில் பதவி உயர்வு பெற்றிருந்தவர்கள் கூட அந்தத் தீர்ப்பினால் பாதிக்கப்பட்டார்கள்.

எனவே, பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகிலோ மாட்டுத்தாவணியிலோ ஒரு தகவல் மையத்தில் உட்கார்ந்திருப்பவர், "சார், தூரக் கல்வியில் எம்.டெக்., ஒரே வருடம், வருகைப் பதிவு தேவையில்லை" என்று சொன்னால், அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள். எம்.பி.ஏ., எம்.சி.ஏ., தரவு அறிவியலில் எம்.எஸ்சி. ஆகியவற்றை இணையவழியில் நடத்த முறையான அனுமதி பெற்ற பல்கலைக்கழகங்கள் உள்ளன. அவற்றின் பட்டியலை மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. எம்.டெக். அந்தப் பட்டியலுக்குள் வராது.

அப்படியானால் வேலையில் இருப்பவருக்கு வழியே இல்லையா என்று கேட்பீர்கள். வழிகள் உண்டு, தொலைநிலைக் கல்வி என்ற பெயரில் அவை இல்லை, அவ்வளவுதான்.

திறந்திருக்கும் வழிகள்

முதலாவது, பணியோடு இணைந்த கல்வி. பிட்ஸ் பிலானி 1979 முதல் இந்த முறையில் பட்டங்களை வழங்கி வருகிறது. வகுப்புகள் பெரும்பாலும் வார இறுதியில் இணையம் வழியாக நேரலையில் நடக்கும். பொதுவாக நான்கு பருவங்கள். கடைசிப் பருவம் முழுவதும் ஆய்வேட்டுக்கு உரியது. வேலையில் இருப்பவர் மட்டுமே சேர முடியும், நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், உங்கள் பணியிடத்திலேயே ஒரு மூத்த பொறியாளர் வழிகாட்டியாக இருக்க ஒப்புக்கொள்ள வேண்டும். பணியிடத்தையே ஆய்வகமாகக் கொள்ளும் இந்த ஏற்பாடு, தொழிற்சாலைப் பொறியாளர்களுக்கு மிகவும் பொருந்தும் என்பது என் கருத்து.

இரண்டாவது, ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் நிறுவனமும் வேலையில் இருப்பவர்களுக்காகத் தனியே நடத்தும் படிப்புகள். சென்னை ஐ.ஐ.டி. மாலை நேர நேரலை வகுப்புகளின் வழியே எம்.டெக். வழங்குகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனம் 2022-இல் இணையவழி எம்.டெக். படிப்பைத் தொடங்கியது. கான்பூர் ஐ.ஐ.டி.யின் இ-மாஸ்டர்ஸ் படிப்பில் சேர, முதுநிலைப் பொறியியலுக்கான அகில இந்தியத் தேர்வான ‘கேட்’ மதிப்பெண் தேவையில்லை. ஆனால் அந்தப் பட்டத்தின் பெயர் எம்.டெக். அல்ல. ஐ.ஐ.டி.கள் 1961-ஆம் ஆண்டுத் தனிச் சட்டத்தின் கீழ் இயங்குவதால் பட்டம் வழங்கும் அதிகாரம் அவற்றுக்கே உண்டு. ஆனாலும், ஒரே நிறுவனம் எம்.டெக்., முதுநிலைப் பட்டம், முதுநிலைப் பட்டயம், சான்றிதழ் என நான்கு வகைகளை ஒரே விளம்பர மொழியில் அறிவிக்கும்போது கவனமாக இருங்கள். ஐ.ஐ.டி. என்ற பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். கையில் கிடைக்கப்போகும் தாளில் என்ன எழுதியிருக்கும் என்பது அடியில் சிறிய எழுத்தில் இருக்கும்.

மூன்றாவது, அண்ணா பல்கலைக்கழக அமைப்பில் உள்ள பகுதிநேர எம்.இ. இது ஆறு பருவங்கள், அதாவது மூன்று ஆண்டுகள் நீளும். வகுப்புக்கு நேரில் போக வேண்டும். 2023 முதல் முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்குச் சீட்டா என்ற பொது நுழைவுத் தேர்வு நடத்தப்படுகிறது. பழைய நுழைவுத் தேர்வான டான்செட் இப்போது எம்.பி.ஏ.வுக்கும் எம்.சி.ஏ.வுக்கும் உரியது. எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவுக்குப் பகுதிநேர இடம் உண்டு என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், 1957-இல் தொடங்கப்பட்ட திருப்பரங்குன்றம் தியாகராசர் பொறியியல் கல்லூரியிலும், கீழக்குயில்குடியில் உள்ள அண்ணா பல்கலைக்கழக மண்டல வளாகத்திலும் நேரில் விசாரித்து, அந்த ஆண்டுச் சேர்க்கை அறிவிப்பையும் சரிபாருங்கள். பணியிடம் அருகில் இருந்து, மாலை ஐந்தரைக்கு வெளியே வர முடிந்தவர்களுக்கு இதைவிடச் சிக்கல் குறைந்த பட்டம் வேறில்லை. மூன்று ஷிஃப்டு முறையில் வேலை பார்ப்பவர்களுக்கு இது அநேகமாக முடியாத காரியம்.

நான்காவது, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் இணையவழி முதுநிலை. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் 2014-இல் கணினி அறிவியலில் தொடங்கிய படிப்பு இதற்கு முன்னோடி. மொத்தக் கட்டணம் ஏழாயிரம் டாலருக்குள் என்ற அறிவிப்பே அன்று பலரைத் திரும்பிப் பார்க்க வைத்தது. இலந்தைக்குளத்திலோ வடபழஞ்சியிலோ மென்பொருள் நிறுவனத்தில் இருப்பவருக்கு இது சிறந்த படிப்பாக இருக்கலாம். அரசுப் பணியையோ ஆசிரியர் பணியையோ எண்ணுபவர், இணையவழியில் பெற்ற வெளிநாட்டுப் பட்டத்துக்கு, அது இந்தியப் பட்டத்துக்கு நிகரானது என்ற இணைச்சான்று இங்கே கிடைக்குமா என்பதை எழுத்தில் உறுதி செய்யாமல் ஒரு ரூபாய் கூடக் கட்டக் கூடாது.

டிப்ளமோ முடித்தவர்களுக்கு ஒரு சொல். உங்களுக்கு முதல் தேவை இளநிலைப் பட்டம். முன்பெல்லாம் நம் ஊரில் ரயில்வேயிலும் மின்வாரியத்திலும் இருந்தவர்கள் இந்தியப் பொறியாளர் கழகத்தின் ஏ.எம்.ஐ.இ. தேர்வு எழுதி முன்னேறினார்கள், அதற்கு மத்திய அரசு தந்திருந்த பட்ட இணை அங்கீகாரம் 2013 மே 31 வரை பதிவு செய்தவர்களோடு முடிந்துவிட்டது. அண்ணன் அப்படித்தான் படித்தார் என்று நீங்கள் இப்போது அதில் இறங்க வேண்டாம். மாலைநேரப் பகுதிநேர பி.இ., அல்லது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2023-24 முதல் பணியாற்றுவோருக்கென அனுமதித்திருக்கும் நெகிழ்வான நேர வகுப்புகள் ஆகியவற்றையே தேடுங்கள்.

இந்தப் பட்டம் உங்களுக்கு எதற்கு?

மேலே சொன்ன நான்கில் எது சிறந்தது என்று என்னிடம் கேட்பவர்கள் பலர். பட்டத்தை எங்கே காட்டப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். பொறியியல் கல்லூரி ஆசிரியர் பணி என்றால், பட்டத்தின் பெயர், பிரிவு, படித்த முறை மூன்றும் பணி விதிகளோடு பொருந்த வேண்டும். இளநிலையிலோ முதுநிலையிலோ முதல் வகுப்பு இருக்க வேண்டும். மின்பொறியியல் படித்தவர் தரவு அறிவியலில் எம்.டெக். முடித்துவிட்டு மின்பொறியியல் துறையில் ஆசிரியராகச் சேர முயன்றால் பிரிவுப் பொருத்தம் பற்றிய கேள்வி எழும். பின்னாளில் முனைவர் பட்டம் செய்யும் எண்ணம் இருந்தால், நீங்கள் சேர விரும்பும் பல்கலைக்கழகம் இந்த எம்.டெக்.கை ஏற்குமா என்று இப்போதே கேளுங்கள். அரசுத் துறையிலோ பொதுத்துறையிலோ பதவி உயர்வுக்கு என்றால், உங்கள் துறையின் பணி விதிகளே தீர்மானிக்கும். தனியார் நிறுவனத்தில் வேறு பிரிவுக்கு மாறுவதற்கு என்றால், பட்டத்தின் பெயரைவிடப் பாடங்களின் ஆழமும் ஆய்வேட்டின் தரமும் முக்கியமாகிவிடும்.

யாருக்குக் காட்டப் போகிறீர்களோ அவர்களிடமே முதலில் கேட்டுவிடுங்கள். படிப்பின் பெயர், நிறுவனம், நடத்தும் முறை, கால அளவு ஆகியவற்றைக் குறிப்பிட்டு, "இது ஏற்கப்படுமா?" என்று மின்னஞ்சல் எழுதிப் பதிலைச் சேமித்து வையுங்கள். மாணவர் சேர்க்கைப் பிரிவினர் தொலைபேசியில் தரும் உறுதிமொழி எந்தக் கோப்பிலும் ஏறாது. என் நண்பருக்கும் தொலைபேசியில் மிக இனிமையாகத்தான் உறுதி அளித்தார்கள்.

பணம் கட்டும் முன் உங்களை நீங்களே சோதியுங்கள்

இந்த வழிகாட்டியிலேயே நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் படி இதுதான். ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்.பி.டெல் என்ற இணையவழிப் பாடத் திட்டத்தில் பாடங்கள் இலவசம். தேர்வு எழுத விரும்பினால் ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் கட்டணம். நீங்கள் சேர நினைக்கும் எம்.டெக்.கின் முதல் பருவப் பாடம் ஒன்றை, பன்னிரண்டு வாரப் பாடமாகத் தேர்ந்தெடுத்து, ஜனவரியிலோ ஜூலையிலோ தொடங்கும் பருவத்தில் பதிவு செய்யுங்கள். வாரம்தோறும் ஒப்படைப்பு உண்டு. பன்னிரண்டில் சிறந்த எட்டின் சராசரிக்கு 25 விழுக்காடும், நேரில் எழுதும் தேர்வுக்கு 75 விழுக்காடும் கணக்கிடப்படும். வேலைப்பளு, உறவினர் திருமணம், காய்ச்சல், மின்தடை எல்லாவற்றுக்கும் இடையில் எட்டு ஒப்படைப்புகளைச் செம்மையாக முடிக்க உங்களால் முடிந்தால், நான்கு பருவங்களையும் தாங்குவீர்கள். முடியாவிட்டால், சில லட்சம் ரூபாயைக் கட்டிய பிறகு தெரியவேண்டிய உண்மை உங்களுக்கு ஆயிரம் ரூபாயிலேயே தெரிந்துவிட்டது.

இதில் மற்றொரு பயனும் உண்டு. கல்லூரியை விட்டுப் பத்து ஆண்டுகள் ஆனவருக்கு வகுப்பில் முதலில் இடறுவது கணிதம். நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, வகைக்கெழுச் சமன்பாடுகள் ஆகிய மூன்றையும் சேர்க்கைக்கு முன்னுள்ள மூன்று மாதங்களில் தினமும் முக்கால் மணி நேரம் திரும்பப் பாருங்கள். அணியின் ஐகன் மதிப்பு என்றால் என்ன என்பதைப் பழைய குறிப்பேட்டில் தேடிக்கொண்டிருக்கையில் இயந்திரக் கற்றல் வகுப்பு மூன்று பாடங்களைத் தாண்டிப் போயிருக்கும். எனக்கு அப்படித்தான் ஆனது, முதல் இடைப்பருவத் தேர்வில் அதன் விலையையும் கொடுத்தேன்.

நேரக் கணக்கு

ஒரு பருவத்தில் நான்கு பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் வாரம் இரண்டு மணி நேர வகுப்பு என்று வைத்தால் எட்டு மணி நேரம் ஆகிறது. வகுப்பில் கேட்டதை நின்று புரிந்துகொள்ளவும் ஒப்படைப்புகளைச் செய்யவும் குறைந்தது இன்னும் பன்னிரண்டு மணி நேரம் வேண்டும் என்பது என் அனுபவக் கணக்கு. ஆக, வாரத்துக்கு இருபது. ஞாயிற்றுக்கிழமையை மட்டும் நம்பியவர்கள் இரண்டாம் பருவத்தில் கைவிட்டதைப் பார்த்திருக்கிறேன். வேலை நாட்களில் காலை நாலரை முதல் ஆறு வரை எழுந்து படித்தவர்களே பெரும்பாலும் கரையேறினார்கள்.

இடமும் முக்கியம். வீட்டில் தனி அறை இல்லாதவர்களுக்கு, புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் பெரிய கொடை. விடுமுறை நாளில் பாதிப் பகலை அங்கே செலவிடுங்கள். நேரலை வகுப்பும் வினாடி வினாவும் நடக்கும் நாட்களில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை வந்து விழுவதுண்டு. நாளிதழ்களில் முதல் நாளே வரும் அறிவிப்பைப் பார்த்து, கைப்பேசியில் போதிய டேட்டாவும் மின்னூட்டமும் வைத்திருங்கள். நம் ஊருக்கே உரிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல், மே மாதங்களில் பருவத் தேர்வுகள் வரும். சித்திரைத் திருவிழாவும் அப்போதுதான் வரும். அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் வீடு நிறைய விருந்தினர் இருக்க, நகரின் பாதிச் சாலைகள் திருப்பிவிடப்பட்டிருக்க, தேர்வுக்குப் படிப்பது எளிதன்று. தேர்வு அட்டவணை வந்தவுடன் வீட்டாரிடம் சொல்லி, படிக்க வேண்டியதைத் திருவிழாவுக்கு இரண்டு வாரம் முன்னதாக முடித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு எதிர்சேவைக்கும் போகலாம்.

நிறுவனத்தின் அனுமதி

அனுமதியை வாய்மொழியாக வாங்காதீர்கள். தடையின்மைச் சான்றில் படிப்பின் பெயர், கால அளவு, வகுப்பு நேரம் மூன்றும் இருக்கட்டும். அரசுப் பணியில் இருப்பவர்கள் சேர்வதற்கு முன்பே துறைத் தலைமையின் அனுமதி பெற வேண்டும்; சேர்ந்த பிறகு கேட்பது வேறு சிக்கல்களைக் கொண்டுவரும். நிறுவனமே கட்டணத்தின் ஒரு பகுதியை ஏற்பதாகச் சொன்னால், பதிலுக்கு எத்தனை ஆண்டுகள் அங்கேயே இருக்க வேண்டும், இடையில் விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனைகளை வரிக்கு வரி படியுங்கள்.

கட்டணமும் கடனும்

விளம்பரத்தில் உள்ள பருவக் கட்டணத்தோடு, சேர்க்கைக் கட்டணம், மறுதேர்வுக் கட்டணம், தேர்வு மையம் மதுரையில் இல்லையென்றால் சென்னைக்கோ கோவைக்கோ போய்வரும் செலவு, வளாகத்தில் சில நாட்கள் தங்கிப் படிக்க வேண்டிய கட்டாயம் இருந்தால் அதன் செலவு, ஊதியமில்லா விடுப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டுங்கள். இடையில் நிறுத்த நேர்ந்தால் பணம் திரும்புமா என்றும், ஒரு பருவத்தை ஒத்திவைக்க முடியுமா என்றும் கேளுங்கள். முழுநேர மாணவர்களுக்குக் கேட் மதிப்பெண்ணின் அடிப்படையில் கிடைக்கும் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை பகுதிநேரத்தினருக்குக் கிடையாது. கல்விக் கடன் வாங்கினால், பழைய வருமான வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்கள், செலுத்தும் வட்டிக்கு எட்டு ஆண்டுகள் வரை கழிவு பெற வழி இருந்து வருகிறது. பிள்ளைகளின் கல்விக் கட்டணத்துக்குக் கிடைப்பது போன்ற கழிவு உங்கள் சொந்தக் கல்விக் கட்டணத்துக்குக் கிடைக்காது என்பதைப் பலர் கடைசி நேரத்தில்தான் அறிகிறார்கள்.

ஆய்வேடு

நான்கு பருவங்களில் பலர் தேங்கி நிற்பது இங்கேதான். தலைப்பை மூன்றாம் பருவத்தின் தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். புதிதாக எதையோ கண்டுபிடிக்க வேண்டும் என்ற ஆசையில் பெரிய தலைப்பை எடுப்பவர்கள், தரவு கிடைக்காமல் நான்கு மாதங்களை வீணாக்குகிறார்கள். உங்கள் பணியிடத்தில் ஏற்கெனவே பதிவாகிக்கொண்டிருக்கும் தரவிலிருந்து தொடங்குவதே நல்லது. நூற்பாலையில் இருப்பவருக்கு ரிங் ஃபிரேம்களின் மின்நுகர்வுப் பதிவேடுகள் இருக்கும். பராமரிப்புப் பிரிவில் இருப்பவருக்கு மோட்டார் பேரிங் பழுதான நாட்களும் அதிர்வு அளவீடுகளும் இருக்கும். துணைமின் நிலையத்தில் இருப்பவருக்கு மின்மாற்றிகளின் சுமைப் பதிவுகள் இருக்கும். "இயந்திரப் பழுதுகளைக் குறைத்தல்" என்ற தலைப்பு எந்த முடிவுக்கும் போய்ச் சேராது. "குறிப்பிட்ட பன்னிரண்டு மோட்டார்களில் பேரிங் பழுதை, அதிர்வு அளவீடுகளைக் கொண்டு எத்தனை நாட்களுக்கு முன்னதாக அறிய முடியும்" என்று கேட்டால், என்ன அளக்க வேண்டும் என்பது முதல் நாளே தெரிந்துவிடும்.

தரவைப் பயன்படுத்த நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியைத் தலைப்போடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். வைவா எனப்படும் வாய்மொழித் தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு, இந்த எண்களை வெளியில் காட்டக் கூடாது என்று மேலாளர் சொன்னால் அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. இயந்திர எண்களையும் வாடிக்கையாளர் பெயர்களையும் மறைத்து, அளவீடுகளை மட்டும் காட்டலாம் என்று சொன்னால் பெரும்பாலான மேலாளர்கள் சம்மதிப்பார்கள். பணியிட வழிகாட்டியாக யாரை வைக்கிறீர்கள் என்பதிலும் எச்சரிக்கை தேவை. பதவியில் பெரியவரைவிட, வாரம் அரை மணி நேரம் உங்களுடன் உட்காரக் கூடியவரே உதவுவார்.

பட்டம் கைக்கு வந்த பிறகு

பட்டச் சான்றிதழ், ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், தற்காலிகச் சான்று மூன்றிலும் உங்கள் பெயரும் முன்னெழுத்தும் பி.இ. சான்றிதழில் உள்ளதைப் போலவே இருக்கின்றனவா என்று அன்றே பாருங்கள். தந்தை பெயரை முன்னெழுத்தாக வைக்கும் நம் வழக்கத்தை வடமாநில நிறுவனங்களின் படிவங்கள் பலமுறை குழப்பிவிடுகின்றன. பிழை இருந்தால் உடனே திருத்தக் கேளுங்கள். பிறகு சான்றிதழின் நகலோடு, சேரும் முன் பெற்ற அனுமதிக் கடிதத்தின் நகலையும் இணைத்து, பணிப்பதிவேட்டிலோ மனிதவளப் பிரிவின் கோப்பிலோ பதிவு செய்யும்படி எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.